அப்புறம் சொல்றேன்

கப்பலில் ஏறியதும் அறைக்கதவின் மேல் விளக்கு இருக்கிறதா என்றுதான் பைண்டர் பார்த்தார். இல்லை. புத்தகம் தைத்தே வயதாகிப்போனவர், பிறவியிலேயே காது கேளாதவர். கதவைத் தட்டினால் எரியும் விளக்கும், அபாய மணி அடித்தால் தலையணைக்கடியில் அதிரும் கருவியும் வேண்டும் என்று அவர் தங்கை முன்பே கேட்டிருந்தாள். வந்திருந்தது மேசைமேல் ஒரு பழக்கூடை.

"பழம் தின்னா காது கேக்கும்னு நினைச்சிட்டாங்க போல," என்றார் கையசைவில். தங்கை சிரித்தாள். அண்ணி போன பிறகு அண்ணன் செய்த முதல் கேலி அது. அவரைக் கொஞ்சம் தேற்றத்தான் இந்தப் பயணமே.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்ல எல்லோரையும் கீழ்த்தளத்துக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஒலிபெருக்கி பேசத் தொடங்கியதை அவர் மற்றவர் முகங்களில் கண்டார். தலைகள் ஒருசேர நிமிர்ந்தன. தங்கையைத் தொட்டுக் கேட்டார்.

"அப்புறம் சொல்றேண்ணா."

கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவருக்குக் கிடைத்த பதில் அதுதான். அந்த அப்புறம் வந்ததேயில்லை.

தூணோர நாற்காலியில் ஒருத்தி மட்டும் தலை நிமிரவில்லை. சாயம் போன உயிர்காப்பு அங்கி. நெற்றியில் ஒட்டிய ஈரமுடி. அவரையே பார்த்தாள். கைகள் மெல்ல எழுந்தன.

"என்ன சொன்னாங்க?"

அவர் தங்கையிடம் கேட்கச் சொல்லிக் கைகாட்டினார். தங்கை திரும்பிப் பார்த்தாள். அங்கே வெறும் நாற்காலி என்றாள்.

அதன்பிறகு சாப்பாட்டுக் கூடத்தில், வசனம் எழுதிக் காட்டாத திரையரங்கில், எங்கே போனாலும் உப்பில் ஊறிய துணியின் வாடை முதலில் வரும். பிறகு அவள் வருவாள். அதே கேள்விதான்.

ஈரமுடியோடு ஒருத்தி பின்தொடர்கிறாள் என்று அண்ணன் முகம் வெளிறிச் சொன்னதும், தங்கை கூடத்தில் தேநீர் கொடுப்பவரிடம் விசாரித்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் இதே கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. எல்லோரும் படகுகளுக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். காது கேளாத ஓர் அக்காவை இந்தக் கூடத்தில் உட்காரவைத்து, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று தங்கைக்காரி மேலே போனாள். கூட்டம் அவளைப் படகில் தள்ளிவிட்டது. அவள் பிழைத்தாள். தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு கப்பலை நிமிர்த்தி, சாயம் பூசி, மறுபடி ஓட்டுகிறார்கள்.

தங்கை இதைக் கையால் சொல்லி முடித்தபோது, பைண்டருக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

மறுநாள் மாலை கடலை மூடுபனி மூடியது. தங்கை கண்ணயர்ந்திருந்தாள். அவர் தனியாகக் கூடத்துக்குப் போனார். கம்பளம் காலடியில் சொதசொதத்தது.

"என்ன சொன்னாங்க?"

எதிரில் உட்கார்ந்து, நிதானமாகக் கைகளை உயர்த்தினார். "எல்லாரும் கப்பலை விட்டு இறங்கணும்னு சொன்னாங்க. உங்க தங்கச்சி பிழைச்சிட்டாங்க."

பள்ளிக்கூட வாசலில் கடைசியாக நின்ற குழந்தைக்கு அம்மா தென்பட்டதுபோல அவள் முகம் மலர்ந்தது. எழுந்தாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்போ வாங்க."

மணிக்கட்டைப் பற்றிய விரல்கள் சில்லிட்டிருந்தன.

படிகள். மேல்தளம். வெள்ளை இருட்டாய்ப் பனி.

அவர் உதறவில்லை. உதற வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருந்தவள் போய் வெகுநாளாயிற்று.

அவருடைய ஒரு கால் தளத்தோரக் கைப்பிடிக் கம்பியைத் தாண்டிவிட்டது.

பின்னால் தங்கை அலறிக்கொண்டு ஓடிவந்தது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் ஈரத்தலைக்காரி அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிடி தளர்ந்தது.

தங்கை அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டாள். முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, "எனக்கு யாருண்ணா இருக்கா?" என்று கேட்டு அழுதாள். அந்தக் கேள்வி அவர் மனதில் அதுவரை எழுந்ததே இல்லை.

அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிட முடிவெடுத்தார்கள். அதுவரை ஒலிபெருக்கி சொன்ன அத்தனையையும், நீச்சல்குளம் மூடும் நேரம் உட்பட, தங்கை உடனுக்குடன் கையால் சொன்னாள்.

வெயில் பளீரென்றிருந்த காலையில் இரும்பு ஏணியில் இறங்கினார்கள். கரையில் கால் வைத்ததும் தங்கை நின்றாள். நிமிர்ந்து மேல்தளத்தைப் பார்த்தாள்.

"அங்க ஒரு அம்மா நிக்கிறாங்கண்ணா. என்னைப் பார்த்துதான் பேசறாங்க."

என்ன பேசுகிறாள் என்று கேட்டார். தங்கை அந்தக் கையசைவை அப்படியே செய்துகாட்டினாள்.

"வந்துட்டியா தங்கச்சி. இரு, நானும் வரேன்."

அவர் திரும்பினார். மேலே யாருமில்லை. இன்னும் விடாமல் பிடித்திருந்த ஏணிக்கம்பி மட்டும், மேலிருந்து ஒருவர் இறங்கி வருவதுபோல, படிப்படியாக அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது.