முதல் வாளித் தண்ணீர்

"என் வீட்டுக்காரரு தண்ணியக் கெடுத்துட்டாருன்னு சொல்றாங்க சார்! நாளைக்குப் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாம்!"

தையற்காரி உட்காரக்கூட இல்லை. துப்பறிவாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனனுக்கோ கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

தையற்காரியின் குடியிருப்புக் கிணற்றில் பூச்சிமருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த மருந்தை உறிஞ்சி எடுக்க, தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய பெரிய தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். போன வாரம்தான் கரி மாற்றினார்கள். ஆனாலும் பரிசோதனையில் குழாய்த் தண்ணீரில் மருந்து இருந்தது. கரி புதிது என்றால், தொட்டிக்குள் போகாமல் தண்ணீரை நேரே விடும் குழாயை அவள் கணவரான காவலாளிதான் திறந்திருக்க வேண்டும். சாவி அவரிடம்தான் இருக்கிறது. இதைச் சங்கச் செயலாளர் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, காவலாளியை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்.

"எங்க பொண்ணும் அந்தத் தண்ணியத்தான சார் குடிக்கிறா? பெத்தவரே அதுல கை வைப்பாரா?"

"கரி மாத்தின அன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கம்மா?"

"தைச்சு முடிச்ச வெள்ளைச் சட்டையெல்லாம் அலசினேன். தொட்டிய மூடினதும் முதல் வாளி நான்தான் பிடிச்சேன். தண்ணி கண்ணாடி மாதிரி வந்துது."

"துணிக்கதை எதுக்கு அத்தான்? அந்தச் செயலாளர் சட்டையப் பிடிச்சு நாலு கேள்வி கேப்போம்!" என்று குதித்தான் மைத்துனன்.

"கேக்கலாம் மாப்ளே. முதல்ல கடைக்குப் போய் வடிகட்டிக்குப் போடுற கரி ஒரு பொட்டலமும், ஒரு மைப்புட்டியும் வாங்கிட்டு வா."

மாலையில் தொட்டியடியில் செயலாளரும் கரி மாற்றிய ஒப்பந்தக்காரரும் நின்றார்கள். காவலாளி தலை நிமிரவில்லை.

"கரியக் கழுவிட்டா போட்டீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "எதுக்கு சார் கழுவணும்? மூட்டையப் பிரிச்சோம், அப்படியே கொட்டினோம்."

"என் கண்ணால பார்த்தேன்" என்றார் செயலாளர்.

துப்பறிவாளர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை விட்டார். ஒன்றில் கடைக்கரியையும் மற்றதில் தொட்டிக்கரியையும் போட்டுக் கலக்கினார். மைத்துனன் கால் மாற்றி மாற்றி நின்றான். கடைக்கரி போட்ட தம்ளரில் நீலம் மெல்ல வெளுத்துப் போயிற்று. மற்றதில் அப்படியே இருந்தது.

"புதுக்கரியில தூசி இருக்கும். கழுவாமக் கொட்டினா, முதல்ல வர்ற தண்ணி கறுப்பாத்தான் வரும். இந்தம்மா முதல் வாளியிலயே வெள்ளைச் சட்டை அலசியிருக்காங்க, ஒரு பொட்டுக் கறை இல்ல. ஏன்னா, இது தூசியெல்லாம் எப்பவோ போன பழைய கரி. வேற ஏதோ தொட்டியில அள்ளி, காயவெச்சு, புது மூட்டையில கட்டிக் கொண்டாந்திருக்கீங்க. ஏற்கெனவே வயிறு முட்ட உறிஞ்சின கரிக்கு ஒரு சொட்டு மைக்கே இடமில்ல. மருந்தை எங்க பிடிக்கும்?"

"பார்க்க ரெண்டும் ஒண்ணுதான சார்... யாருக்குத் தெரியப் போகுதுன்னு..." என்று இழுத்தார் ஒப்பந்தக்காரர்.

"குழந்தைங்க குடிக்கிற தண்ணிடா!" என்று மைத்துனன் பாய்ந்தான். துப்பறிவாளர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு காவலாளியிடம் திரும்பினார். "மூட்டை புதுசா இருக்கவும் நம்பிட்டேன்பா. நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு. நடந்ததை மறந்துடு."

தையற்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"வீடு வீடாப் போய்த்தான சொன்னீங்க? வாங்க, வீடு வீடாப் போவோம். கதவை நான் தட்டறேன். நீங்க சொல்லுங்க."