லாடம் கழன்ற குதிரைகள்

ஒன்பது நாளில் நான்காவது முறையாக அன்னபாக்கியத்தின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. அவள் கேட்டது ஒரு குடம் தண்ணீர். அதுவும் குதிரைகளுக்கு.

அரியமலைக்கு நிலம் அளக்கப் போன அவளுடைய அண்ணன், சர்வேயர் சவரிமுத்து, இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. பழைய செப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது, காட்டுக்குள் இருக்கும் சிற்றூருக்குப் போகிறேன் என்று கடைசியாக ஒரு கடிதம் எழுதி, வழிப்படமும் வரைந்திருந்தான். பஸ் எட்டாத மலை. தேடப் போன இரண்டு பேர் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். டீச்சரான அன்னபாக்கியம் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுத் தானே கிளம்பினாள். ஜட்கா வண்டிக்கார மஸ்தான் தன் மட்டக்குதிரைகள் இரண்டோடு துணைக்கு வந்தார்.

வழியெல்லாம் எரிச்சல்தான். ஓர் ஊரில் நாயை ஏவினார்கள். இன்னோர் ஊரில் தப்பான பாதையைக் காட்டியதில் ஒரு பகல் முழுக்க முள்ளுக்குள் சுற்றினார்கள். குதிரையைக் கண்டாலே ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். போதாக்குறைக்கு, செவலைக் குதிரை ஒவ்வோர் ஓடையிலும் சாமான்களோடு படுத்துப் புரண்டது.

பத்தாம் நாள் ஓர் எஸ்டேட் பங்களா வந்தது. முதலாளி துரைச்சிங்கம் வாசலுக்கே வந்து அழைத்தார். வெந்நீர், மெத்தை, கோழிக் குழம்பு; குதிரைகளுக்கு ஊறவைத்த கொள்ளு. சவரிமுத்துவைப் பார்த்ததே இல்லை என்று வருத்தப்பட்டார். அவள் கையிலிருந்த வழிப்படத்தை மட்டும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். நாளைக்குக் காட்டுகிறேன் என்று அவள் தட்டிக்கழித்தாள்.

மறுநாள் கிளம்பலாம் என்றால் மழை வரும் என்றார். அதற்கடுத்த நாள் அஷ்டமி. மூன்றாம் நாள், குதிரைகளின் லாடம் கழன்றுவிட்டதாம், லாடம் அடிப்பவன் சந்தைக்குப் போயிருக்கிறானாம். கேட்காமலே இலையில் ஆறாவது இட்லி விழுந்தபோது அவளுக்குப் பொறுமை போயிற்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து லாயத்துக்குப் போனாள்.

மஸ்தான் ஒரு குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தானா கழரல தங்கச்சி. குறடு போட்டுப் புடுங்கியிருக்காங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு தோல்பை தெரிந்தது. அதன் வாரைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். அண்ணனுடைய பை.

பங்களா அசந்து தூங்கிய மத்தியானத்தில் பின்வாசல் வழியாக நழுவினார்கள். லாடமில்லாத குதிரைமேல் ஏற முடியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து, கல்லை ஒதுக்கிப் புல்மேல் நடத்தியே மலையேறினார்கள்.

மறுநாள் அந்தச் சிற்றூரின் எல்லையில் கற்கள் பறந்து வந்தன. ஒன்று மஸ்தானின் தோளில் பட்டது. அன்னபாக்கியத்துக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாதை நடுவிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எறியிறவங்க எறிங்க. எதுக்கு எறியிறீங்கன்னு மட்டும் சொல்லிட்டு எறிங்க. எங்கண்ணன் சவரிமுத்துவைத் தேடி வந்திருக்கேன்."

கல் நின்றது. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "ஒங்கண்ணன் ஒன்னைய என்னான்னு கூப்புடுவாரு?"

அதைச் சொல்லவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "வெடிவாயி."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பெயர் மாதி. நடந்ததை அவள்தான் சொன்னாள். மலை இந்த ஜனங்களுக்கே சொந்தம் என்கிறது செப்பேடு. அதைப் பிடுங்கத் துரைச்சிங்கத்தின் குதிரைக்காரர்கள் துரத்தியதில் சவரிமுத்து பாறையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவர்களுக்குச் செப்பேடில்லாத வெறும் தோல்பைதான் சிக்கியது, அவன் போன இடம் தெரியவில்லை. அவனை ஒளித்துவைத்துவிட்டு, குதிரையில் வருபவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தரவேண்டாம் என்று கீழே எல்லா ஊருக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

குடிசைக்குள் சவரிமுத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு கிடந்தான். "வர்றதுக்கு இவ்வளவு நாளா?" என்றான். மற்றக் காலையும் ஒடிக்கலாமா என்று இருந்தது அவளுக்கு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பன்னிரண்டு பேர் தோள்மாற்றிக் கட்டிலோடு அவனைச் சுமந்து, பங்களாப் பக்கமே போகாமல் காட்டுவழியாக இறக்கினார்கள். சேலைக்குள் சுற்றிய செப்பேடு அன்னபாக்கியத்தின் மடியில் வந்தது. அதைச் சர்க்காரிடம் காட்டியதில், அடுத்த வருஷமே மலை அந்த ஜனங்களின் பேருக்குப் பதிவானது. எஸ்டேட் வேலி மலையை விட்டுக் கீழே இறங்கியது.

பயணத்தைப் பற்றி வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது, அவள் வீரமாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. "கதவைச் சாத்தின அத்தனை பேரையும் வழிநெடுகத் திட்டினேன். ஏன் சாத்துறீங்கன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கலாம்" என்றாள்.