நாலாவது ஆள்

வாசலடிக் கார்ப்பெற் மறுபடியும் நனைந்திருந்தது. காலையில் துவாயைப் போட்டு, முழங்காலில் நின்று, கை நோக நோக அழுத்தித் துடைத்த அதே இடம். சப்பாத்துத் தட்டுக்கு முன்னால், குளித்துவிட்டு வந்த ஒரு சின்னப்பிள்ளை குந்தியிருந்து எழும்பினால் எவ்வளவு நனையுமோ அவ்வளவு. அருள்நாயகி கையிலிருந்த சாப்பாட்டுக் கூலரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து மணந்து பார்த்தாள். குழாய்த் தண்ணீரின் மணமில்லை. பாசியும் அழுகிய இலையும் பைன் மரப் பிசினும் கலந்த, குளிர்ந்த மணம். ஸ்காபரோவில் மழையைக் கண்டு எத்தனையோ நாள், புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது, இந்த வீட்டுக்குள் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்? அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“மயூரி! உதில ஆர் தண்ணி ஊத்தினது?”

“நொட் மீ, அம்மா! ஐ ஸ்வெயர்!” என்று மேலேயிருந்து மகள் கத்தினாள். எட்டு வயது. எதைக் கேட்டாலும் பதிலில் பாதி இங்கிலிஷ்தான். கணவன் இராஜரட்ணத்திடம் சொன்னால் இன்னும் மோசம். ஏசித் தண்ணி வடியுதாக்கும் என்பார். ஏசி இருப்பது மேல்மாடி அறை ஜன்னலில். அந்தத் தண்ணீர் படியிறங்கி வந்து வாசலில் குந்தியிருக்குமா என்று கேட்டால், வேலைக்கு நேரமாகுது என்று போய்விடுவார்.

இந்தப் பயணமே அவளுக்கு வெறுத்துவிட்டது. மாரிக் குளிரில், யாரோ வீட்டுப் பிறந்தநாளில், கொத்துரொட்டித் தட்டும் கையுமாக நின்றுகொண்டு, “இந்தச் சம்மருக்கு எல்லாருமா ஏரிக்கரைக் கொட்டேஜ் போறம்” என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தது யார்? அருள்நாயகி. வரைபடம் வாங்கியது, நுளம்பு கடிக்காமல் பூச மருந்து தேடியது, கோழிக்குத் தூள் தடவி வைத்தது, எல்லாம் அருள்நாயகி. ஒரு குடும்பத்துக்கு மொன்றியலில் கலியாணம் வந்தது. இன்னொரு குடும்பத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொன்று ரெலிபோனை எடுப்பதையே விட்டுவிட்டது. வாயால் எல்லோரும் வடக்கே போய் நீந்திவிட்டு வந்துவிட்டார்கள், காரில் ஏறத்தான் ஆளில்லை.

மிச்சம் இருந்தது யூஜினி குடும்பம் மட்டும். புறப்படுகிற இன்று பின்னேரம் அவளும் ரெலிபோன் எடுத்தாள்.

“அருள், கோவியாதையும். மாமி மிட்லன்ட் கோயிலுக்கு யாத்திரை வாறனெண்டு நேர்ந்தவவாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகாட்டி வீட்டில இருக்கேலாது.”

“யாத்திரை எப்பவெண்டு உமக்கு மாரியிலயே தெரியாதோ?”

“தெரியும்தான்...”

“பிறகென்ன கதை?” என்று அருள்நாயகி ரெலிபோனை வைத்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

விட்டுவிடலாம்தான். ஆனால் மயூரி? பள்ளிக்கூடம் தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி நின்று, கோடையில் எங்கே போனேன் என்று சொல்லவேண்டும். போன வருடம் மயூரி எழும்பி ஏரி, படகு, மீன் என்று அளந்திருக்கிறாள். பின் வரிசை வாங்கிலிருந்த ஒருத்தன் படகு என்ன நிறம் என்று கேட்க, முழித்திருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று அவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிட வர மறுத்துவிட்டாள். அந்தக் கட்டிலுக்குக் கீழே தலையை நுழைத்துத்தான் அருள்நாயகி சத்தியம் பண்ணினாள்: அடுத்த வருசம் நாங்கள் உண்மையாப் போவம், குஞ்சு.

ஆகவே போவதுதான். மறுபடியும் மூன்று பேராக.

மறுபடியும் என்றால், மே மாதம் கொட்டேஜைப் பார்க்கப் போனபோதும் மூன்று பேர்தான். மூன்று பேராகப் பயணம் வெளிக்கிடக் கூடாது. வேறு வழியில்லையென்றால் ஒரு கல்லை எடுத்து, அதை நாலாவது ஆளாக வைத்துக்கொண்டு போகவேண்டும். கனடாவுக்கு வந்து எதை எதையோ விட்டாலும் அருள்நாயகி இதை விடவில்லை. வீட்டு வாசல் கல் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அங்கே மயூரி அதை எடுத்து, தண்ணீரின்மேல் தத்த விடுகிறேன் என்று ஏரிக்குள் எறிந்துவிட்டாள். திரும்பி வர மூன்று பேர், கல் இல்லை.

அருள்நாயகி கரையில் இறங்கிக் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள். கறுப்பு. வழுவழுப்பு. உள்ளங்கை கடுக்கும் குளிர். வழக்கப்படி சொல்லவும் சொன்னாள்: “வா, எங்களோடை வா. நீதான் நாலாவது ஆள்.” இராஜரட்ணம் விழுந்து விழுந்து சிரித்தார்.

பயணம் முடிந்தால் கல்லை வாசலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். அன்று வந்து சேர்ந்தபோது மழை, களைப்பு. மயூரி அதை உள்ளே கொண்டுவந்து சப்பாத்துத் தட்டில் வைத்தாள். எடுத்துப் போட வேண்டும், போட வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

ரெலிபோன் மறுபடி அடித்தது. மயூரி தடதடவென்று படியிறங்கி வந்து, தட்டின் முன்னால் குந்தியிருந்து சிவப்புச் சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். “யக், அம்மா, இற்ஸ் வெற்!”

“போட்டிட்டுப் போய்க் காருக்குள்ள இரு. அப்பா இப்ப பஸ்ஸில வந்திடுவார்,” என்றபடி அருள்நாயகி குசினிக்குள் போய் ரெலிபோனை எடுத்தாள்.

கொட்டேஜ்காரி. நல்ல மனுசி, ஆனால் ஒன்றைச் சொன்னால் பிடித்தபடி நிற்பாள். உங்கள் குடும்பம் நாலு பேருக்கும் கட்டில் விரித்துவிட்டேன் என்றாள். மூன்று பேர் என்றாள் அருள்நாயகி. இல்லையே, நாலு பேர்தானே என்றாள் அவள்.

“மூன்றுதான்,” என்றாள் அருள்நாயகி, பல்லைக் கடித்துக்கொண்டு. சொந்தக் குடும்பத்தை எண்ணத் தெரியாதா எனக்கு? இன்றைக்கு எல்லோரும் சேர்ந்துதான் என்னைக் கொல்கிறார்கள்.

“மே மாதம் நாலு பேர் வந்தீர்களே,” என்றாள் கொட்டேஜ்காரி. “கார் போகும்போது பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சிவப்புச் சப்பாத்துப் பிள்ளை எனக்குக் கை காட்டியது. மற்றது காட்டவில்லை. உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். குளிரில் அதற்குத் தலையைத் துவட்டியிருக்கலாம். முடியெல்லாம் தண்ணீர் ஒழுகியது.”

குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதிக்குள் வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம். சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

அருள்நாயகி ரெலிபோனை வைத்துவிட்டு வந்தாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. மயூரி இல்லை. காருக்குப் போயிருப்பாள். ஒரு சிவப்புச் சப்பாத்து மட்டும் ஈரத்தின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. மற்றதை மட்டும் போட்டுக்கொண்டா போனாள்? தட்டில், சப்பாத்துகளுக்கு நடுவே, கல். அதன் அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

இப்போது பயம் வந்தது. ஒரு கடைப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்தாள். பாரம். அன்றைக்கு இருந்ததைவிடப் பெரும் பாரம். இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. அன்று உள்ளங்கையைக் கடுத்த கல் இன்று வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல்கார உடம்பின் சூடு.

பின்கதவால் ஓடினாள். வேலிக்கு அப்பால் நிலம் சரிந்து, மரங்களுக்குள்ளால் ரூஜ் ஆற்றுக்கு இறங்குகிறது. சூரியன் விழுந்துவிட்டது. மரங்களுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. “போ,” என்றாள். “போய்த் துலை.” எறிந்தாள். கல் மரக்கிளைகளை முறித்துக்கொண்டு போய் எங்கோ கீழே விழுந்தது. விழும்போது ஏதோ கீச்சிட்டது. பறவை. பறவையாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது கார்ப்பெற் காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். நனைந்ததற்கே அடையாளம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இராஜரட்ணம் வந்து சேர்ந்து, கூலரையும் பைகளையும் டிக்கியில் அடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க போனனீர்? நேரம் போகுது, வெளிக்கிடவேணும். ஏறும், ஏறும். பிள்ளை எப்பவோ ஏறியிட்டுது.”

ஏறினாள். கதவைச் சாத்தினாள். பின்சீற்றில் மயூரி பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேராக இருந்தாள். நல்ல பிள்ளை. வழக்கமாகக் கார் நகருமுன் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

கார் பின்னோக்கி ஊர்ந்தது.

பாசி மணத்தது.

அருள்நாயகி மெல்லத் திரும்பினாள். மயூரிக்குக் காலில் சப்பாத்து இல்லை. இரண்டு காலிலும் இல்லை. விரல்களுக்கிடையில் கறுப்புச் சேறு. முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து சொட்டியது. சொட்டு. சொட்டு.

“மற்றச் சப்பாத்து எங்கை?” என்றாள். “தலை தோய்ஞ்சனியோ?”

பிள்ளை அவளைப் பார்த்தது. கண் இமைக்கவில்லை. வாய் திறந்தது. இங்கிலிஷ் ஒரு சொல்லும் இல்லை. அருள்நாயகியின் சொற்கள். அன்று ஏரிக்கரையில் அருள்நாயகி சொன்ன அதே இழுப்பு.

“வா. எங்களோடை வா.”

இராஜரட்ணம் கசெற்றைத் தள்ளினார். பாட்டு தொடங்குமுன் ஒரு கணம், நாடா ஓடும் இரைச்சல் மட்டும். திறந்திருந்த ஜன்னலால் அது கேட்டது. வீட்டுக்குப் பின்னால். சரிவில். வெகு கீழே.

“மம்மி!”

பயந்தால் மட்டும் மயூரி கூப்பிடுகிற பெயர்.

“மம்மி! ஐ கான்ட் கெற் அப்!”

பின்சீற்றில் இருந்தது வீட்டுப் பக்கம் திரும்பியது. அன்று கை காட்டாத பிள்ளை. சேறு வழியும் கையை உயர்த்தி, சரிவைப் பார்த்து, மெதுவாகக் கை காட்டியது.