இடப்பக்கம் பார்த்த கிளி

சோனார்புரா லாட்ஜில் பொருள் காணாமல் போனால் காவல் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். தெரிந்தவர்கள் நேராகப் பேச்சனின் லஸ்ஸிக் கடைக்கு வருவார்கள். அங்கே பெஞ்சின் ஓரத்தில் தீனாநாத் கேசரி உட்கார்ந்திருப்பார். விலாசம் சரியில்லாத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும் தபால் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கச் சம்பளம் வாங்கிய பாக்கியவான். எங்கள் தெருவில் பலர் அதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

கடைக்காரர் பேச்சன் பெயருக்கேற்ற மனிதர். தீனாநாத் கண்டுபிடித்த எல்லாவற்றிலும் பாதி தன்னுடையது என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஈரத் தலையோடு குமுத் பாஜ்பாய் என்ற கான்பூர் அம்மாள் வந்து நின்றார்.

"என் பொண்ணோட கல்யாணப் புடவையக் காணோம். நாளன்னிக்குக் கல்யாணம். சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு வண்டி."

"உக்காருங்கம்மா. முதல்ல ஒரு லஸ்ஸி குடிங்க. அப்புறம் அழலாம்," என்றார் தீனாநாத்.

அந்த அம்மாள் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். மதன்புரா ஜமீலுதீன் நான்கு மாதம் நெய்த புடவை அது. முந்தானையில் ஒரே ஒரு கிளி. மகள் சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா வரைந்து கொடுத்த கிளி. அவர் இப்போது இல்லை. அதனால் வேறு புடவை வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நேத்து மத்தியானம்தான் தறியிலேருந்து அறுத்துக் குடுத்தாரு. நேரா என் அறைக்குக் கொண்டு வந்தேன். இன்னிக்கு எட்டு மணிக்குக் கட்டில்ல வச்சுட்டு கங்கையில முழுகப் போனேன். ஒம்பதுக்கு வந்து பார்த்தா, சுத்தியிருந்த மல் துணி மட்டும் நாலா மடிச்சு இருக்கு."

"அறையப் பூட்டினீங்களா?"

"அந்தப் பூட்டுல சாவி சுத்தவே மாட்டேங்குது. தாழ்ப்பாள் போட்டேன். வந்தப்பவும் போட்டபடியேதான் இருந்துச்சு."

"குரங்கு!" என்று பேச்சன் மத்தை உயர்த்தினார். "போன வாரம் போலீஸ் தரோகாவோட கால்சட்டையவே தூக்கிட்டுப் போச்சு, பாபுஜி! அந்த மனுஷன் துண்டோட..."

"துணிய மடிச்சு வச்சு, தாழ்ப்பாளத் திரும்பப் போட்டுட்டுப் போற குரங்கா இருந்தா, அத உன் கடையில வேலைக்கு வச்சுக்க, பேச்சன். உன்னவிட சுத்தமா இருக்கும்." தீனாநாத் அம்மாளிடம் திரும்பினார். "கிளி எந்தப் பக்கம் பார்க்குது?"

"வலப்பக்கம்."

"அத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே. கிளி போட்ட புடவையக் காணோம்னுதான் லாட்ஜே அதிரக் கத்தினேன்."

பதினோரு மணிக்குக் கடையில் மூன்று பேர் கூடினார்கள். லாட்ஜ் மேனேஜர் சிவ்மூரத், அம்மாளைப் படித்துறைக்கு அழைத்துப்போக மாடி ஏறிய படகுக்கார நிஹோர், எதிர் அறையில் தங்கியிருந்த மக்பூல். இந்த மக்பூல் வேறு யாருமில்லை, ஜமீலுதீனின் தம்பிதான். அவரும் நெசவாளி. அண்ணனோடு சண்டை போட்டுச் சூரத் விசைத்தறிக்குப் போய் ஐந்து வருடம். நேற்று இரவு பத்து மணி வண்டியில் வந்து இறங்கி அண்ணன் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. லாட்ஜுக்கு வந்துவிட்டார். பதினொன்றுக்குள் தெருவுக்கே தெரியும்.

"திருட்டுப் பட்டம் யாருக்கும் கட்டல," என்றார் தீனாநாத். "புகார் எழுதணும். என்ன மாதிரிப் புடவையத் தேடணும்னு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சிவப்பா இருக்கும். கிளி போட்டதுன்னாங்க," என்றார் சிவ்மூரத்.

"நமக்கு எல்லாப் புடவையும் ஒண்ணுதான், பாபுஜி. நனைஞ்சா படகுல கனக்கும்," என்றார் நிஹோர்.

மக்பூல் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இடப்பக்கம் பார்க்குற கிளி. ஒத்தைக் கிளி."

"வலப்பக்கம்!" என்று அம்மாள் பதறினார்.

பேச்சன் கைதட்டினார். "ஆள் புடவையப் பார்க்கவே இல்ல! தப்பாச் சொல்றாரு பாருங்க. மக்பூல் பாய், நீங்க வீட்டுக்குப் போகலாம்!"

"பொறு," என்றார் தீனாநாத். "காதால கேட்டவன் கிளின்னுதான் சொல்லுவான். அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பக்கம் சொல்றவன் கண்ணால பார்த்தவன்."

"பார்த்தவன் ஏன் மாத்திச் சொல்றான்?"

"நம்ம ஊர்த் தறியில புடவை குப்புறப் படுத்துத்தான் வளருது. நெய்யுறவன் கண்ணுக்கு அதோட முதுகுதான் தெரியும். புடவை வாங்குறவன் முகத்தப் பார்ப்பான். நெசவாளி கையில குடுத்தா, முதல் காரியமா புரட்டிப் போட்டு இழைய எண்ணுவான். முதுகுலேருந்து பார்த்தா வலது இடதாயிடும். புடவை தறிய விட்டு இறங்கினது நேத்து மத்தியானம். மக்பூல் ஊருக்கு வந்தது ராத்திரி. அப்ப அது அம்மா அறையில. அப்போ இவரு பார்த்தது இன்னிக்குக் காலையிலதான்."

பேச்சன் மத்தைக் கீழே வைத்தார். கேட்டதை அப்படியே ஒப்புக்கொண்டார். அது எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்.

மக்பூல் எழுந்து போய், தன் படுக்கை விரிப்பில் பொதிந்து வைத்திருந்த புடவையைக் கொண்டு வந்து அம்மாளின் மடியில் வைத்தார்.

"எதிர் அறையில எங்க அண்ணன் நெய்த புடவை இருக்குன்னு ராத்திரி மேனேஜர் சொன்னாரு. அஞ்சு வருஷமாச்சு அண்ணன் கைவேலையப் பார்த்து. அஞ்சு நிமிஷம் வெளிச்சத்துல பார்த்துட்டு வச்சுரலாம்னுதான் எடுத்தேன். பார்க்க ஆரம்பிச்சா நேரம் போனது தெரியல. நீங்க வந்து கத்தினதும் பயந்துட்டேன்."

அம்மாள் முந்தானையை விரித்தார். கிளியைத் தடவினார். சேதமில்லை. திட்ட வாயெடுத்தவர் வேறொன்று கேட்டார்.

"எப்படி இருக்கு, உங்க அண்ணன் வேலை?"

"ஒரு இழை தப்பில்லம்மா. எனக்கு இந்தக் கை வராது."

"இத என்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? கிளம்பு. ஆறு மணி வரைக்கும் எனக்கு வேற வேலையில்ல."

மதன்புராச் சந்தில் அந்த ஊர்வலத்தில் யார் யார் போனார்கள் என்று கேட்காதீர்கள். யார் போகவில்லை என்று கேளுங்கள். அம்மாள் கதவைத் தட்டினார். தறிச் சத்தம் நின்றது. ஜமீலுதீன் கதவைத் திறந்து, அம்மாளைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார்.

"உங்க வேலையில ஒரு இழை தப்பில்லன்னு உங்க தம்பி சொல்றாரு," என்றார் அம்மாள். "அதச் சொல்றதுக்காக என் புடவையத் திருட வேண்டியதாப் போச்சு அவருக்கு."

ஜமீலுதீன் வாசற்படியிலிருந்து இறங்கினார். பிறகு தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"சூரத்துல உனக்குச் சோறே போடலையாடா? எலும்பா வந்து நிக்கிற!"

ஆறு மணி வண்டியில் குமுத் பாஜ்பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கான்பூர் வரை புடவையை மடியிலிருந்து இறக்கவில்லை.