மூன்றாவது சிலிண்டர்

நான்கு மாதமாக யாரும் தொடாத கார், சாவியை ஒரு முறை திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மதுமதிக்கு அதுதான் சரியாகப் படவில்லை. இத்தனை நாளில் பேட்டரி செத்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் ஆச்சரியப்படவில்லை. கணவன் கருணாகரன் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

வண்டி கிளம்பியது, ஆனால் ஏறவில்லை. கேட்டுக்குப் போகும் சின்னச் சரிவில் பாதி தூரம் போய், முழுக்க உதறி, அணைந்து, பின்னோக்கி உருண்டு தன் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது. மூன்று முறை இப்படி ஆனதும் டிரைவர் சீட்டில் இருந்த தம்பி அறிவு ஸ்டியரிங்கில் தட்டினான்.

"விட்டுடுக்கா. தண்ணி வந்தா வரட்டும். மாமா வண்டிதானே, இன்ஷூரன்ஸ் இருக்கும்."

"எடுத்துடணும் அறிவு," என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏரியைத் திறக்கப் போகிறார்கள், அடையாற்றில் தண்ணீர் ஏறும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபார்ட்மெண்ட்டில் மற்றவர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தூண்களுக்கு நடுவே இந்த ஒரு கார்தான் மிச்சம். மதியம்தான், ஆனாலும் மழை இருட்டில் டியூப்லைட் எரிந்தது. சாக்கடையும் நனைந்த சிமெண்ட்டும் கலந்த வாடை தரையோடு ஊர்ந்து வந்தது.

கருணாகரனின் வண்டியை எப்போதும் பார்த்துக்கொண்டவர் மெக்கானிக் மெஹபூப் பாஷா. ஆதம்பாக்கத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், வர முடியாது என்றார். போனிலேயே சொல்வதாகச் சொன்னார். மதுமதி கருணாகரனின் டூல்ஸ் பெட்டியை எடுத்து வந்தாள். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு போனை ஏர் ஃபில்டர் மேல் வைத்தாள். தூக்கிய பானெட் கண்ணாடியை மறைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் அறிவு இப்போது அவளுக்கு வெறும் குரல்.

"ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் ஓடியது. சத்தத்தில் மூன்று அடி சீராக விழுந்து, நான்காவது இடத்தில் ஒரு பள்ளம். மூன்று அடி, ஒரு பள்ளம்.

"கேக்குதும்மா," என்றார் பாஷா. "ஒரு சிலிண்டர் அடிக்கல. ப்ளக்காதான் இருக்கும், இருந்தாலும் பாத்துக்கலாம். மேல ப்ளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில் நாலு கீதுல்ல? ஓடிக்கினு இருக்கும்போதே ஒவ்வொண்ணா ஒயரப் புடுங்கு. புடுங்கினா உதறல் ஜாஸ்தியாச்சுன்னா அது நல்லாக் கீது. ஒண்ணுமே மாறலன்னா அதான் திருட்டுப் பய."

முதலாவதைப் பிடுங்கினாள். வண்டி துடித்தது. மாட்டினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது எதுவும் மாறவில்லை. அதே மூன்று அடி, அதே பள்ளம்.

"மூணாவது," என்றாள்.

"சரி, ஆஃப் பண்ணச் சொல்லு. ரெண்டாவது காயிலையும் மூணாவதையும் இடம் மாத்தி மாட்டு. கோளாறு காயிலோட நகருதா, இல்ல அங்கயே நிக்குதான்னு பாக்கணும்."

"ஆஃப் பண்ணு அறிவு."

எஞ்சின் நின்றது. அறிவு ஏதோ சொன்னான். மழை பலமாக இறங்கிக்கொண்டிருந்தது. "ம்," என்றாள் அவள், கேட்காமலே. போல்ட்டைக் கழற்றும்போது புறங்கை சூடான இரும்பில் பட்டது. தோல் வெளுத்துச் சுருங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். வலிக்கவில்லை.

ஜூலையில் ஒரு காலை. தன் அம்மாவை மாம்பலம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்த கருணாகரன், இதே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வரவில்லை. அவள் இறங்கி வந்து பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவன் மார்புக்குக் குறுக்கே குனிந்து சாவியைத் திருப்பியது அவள்தான். அந்தக் காலையில் அது மட்டும் ஞாபகமிருக்கிறது.

காயில்களை மாற்றி மாட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணு."

ஓடியது. மூன்றாவதைப் பிடுங்கினாள். மாற்றமில்லை.

"அப்ப காயில் நல்லாக் கீது. ப்ளக்குதான்," என்றார் பாஷா. "கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுக்கச் சொல்லு, கேட்டுக்கறேன்."

"கொஞ்சம் குடு."

குடுத்தது. அறிவுக்கு எதையும் மிதித்துத்தான் பழக்கம். இது மிதி இல்லை. பாதத்தை வைத்து, இறக்கி, அங்கேயே பிடித்து, மெதுவாக விட்ட மாதிரி ஏறி இறங்கியது சத்தம்.

"தம்பி நல்லாக் குடுக்குதும்மா காலு," என்று பாஷா சிரித்தார். "சாரு மாதிரியே குடுக்குது."

எஞ்சின் சூட்டிலிருந்து பெட்ரோல் நெடியோடு வேறொரு வாசனை எழுந்தது. கிராம்பு. பல்வலிக்காகக் கருணாகரன் கடைசி வருடம் முழுக்கக் கடைவாயில் கிராம்பு வைத்திருந்தான். வண்டிக்குள் அந்த வாசனை தங்கியிருக்கும், ஏசி வழியாக வரும் என்று நினைத்தாள். ஏசி ஓடவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

"போதும், கொறை..."

சொல்லி முடிப்பதற்குள் குறைந்தது.

மறுபடி கேட்க வேண்டும் என்றார் பாஷா. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் ஏறியது. போதும் என்று கையை மட்டும் உயர்த்தினாள். பானெட்டுக்குப் பின்னால் அந்தக் கை யாருக்கும் தெரியாது.

இறங்கியது.

கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று அடி. பள்ளம். மூன்று அடி. பள்ளம். கழுத்துக்குப் பின்னால் ஏதோ சில்லிட்டது. நான்கு மாதத்தில் அவள் உடம்பு உணர்ந்த முதல் விஷயம் அதுதான்.

"அறிவு?" என்றாள்.

எஞ்சின் மட்டும் ஒரு முறை, லேசாக, உறுமி அடங்கியது.

கேட்டுப் பக்கமிருந்து ஈரத்தில் சளக் சளக்கென்று வரும் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். அறிவு வந்துகொண்டிருந்தான், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, கையில் சின்ன அட்டைப்பெட்டியோடு.

"ப்ளக் கெடச்சுதுக்கா. கடைய சாத்திட்டிருந்தாரு, கெஞ்சி வாங்கினேன். ஸ்கூட்டர் கேட்டாண்டயே நின்னுடுச்சு, தண்ணி உள்ள..." அவன் பேச்சை நிறுத்தினான். "யாரு உள்ள?"

"நீ எப்போ போன?"

"ஆஃப் பண்ணச் சொன்னியே, அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன். நீ ம்னு சொன்ன." அவன் எஞ்சினைப் பார்த்தான். பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. "எப்படிக்கா ஓடுது?"

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். கருணாகரனின் சாவி வளையம். ஸ்கூட்டர் சாவியும் கார் சாவியும் அதில்தான், ஒன்றாகவே. ஈரத்தில் மின்னியபடி, அவன் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் பானெட்டைப் பார்த்தார்கள். வெள்ளைத் தகடு. அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" போனில் பாஷா. "ப்ளக் வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப ஆஃப் பண்ணிட்டு மாத்து."

மதுமதி பானெட்டைப் பார்த்துச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆஃப் பண்ணுங்க."

நின்றது.

அறிவு அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வாக்கா. மேல போலாம். வா." அவள் அவன் கையிலிருந்து அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் பின்வாங்கி, தூணைத் தாண்டி, கேட்டருகே மழையில் போய் நின்றுகொண்டான்.

அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. கையில் ஒரு வேலை இருந்தது. இத்தனை நாளாக அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிக்க வைத்து, நடக்க வைத்ததெல்லாம் அடுத்து என்ன வேலை என்பது மட்டும்தான். பழைய ப்ளக்கைக் கழற்றினாள். நுனி கரியாக, பெட்ரோலில் நனைந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் முடி போல ஒரு விரிசல். புதியதை விரலால் திருகி இறக்கி, ஸ்பேனரால் இறுக்கினாள். காயிலை வைத்தாள். ஒயரைச் செருகினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

ஓடியது.

பள்ளம் இல்லை. நான்கு அடியும் ஒன்றையொன்று தொட்டு, நூல் பிடித்த மாதிரி.

"அப்பாடா, சூப்பரா கீது," என்றார் பாஷா. "தண்ணி வர்றதுக்குள்ள எடுத்துனு கெளம்புங்க. பானெட்ட மூடும்மா. நான் வெச்சுடறேன்."

போன் அணைந்தது.

கம்பியை விடுவித்தாள். பானெட் கனத்தது. இரண்டு கையாலும் இறக்கினாள்.

முதலில் கூரை. பிறகு கண்ணாடியின் மேல் விளிம்பு. பிறகு கண்ணாடி.

டிரைவர் சீட் காலி.

ஆனால் சீட் பெல்ட் போட்டிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு மார்பின் அகலத்துக்கு முன்னால் வளைந்து, இறுக்கமாக நின்றது. வளைவு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"அக்கா," என்றான் அறிவு, மழைக்குள்ளிருந்து. மறுபடியும், "அக்கா."

இடப்பக்கக் கதவின் பூட்டு டக்கென்று எழும்பியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டின் பெல்ட் மெல்ல அசைந்து, தன் பெட்டியிலிருந்து வெளியே வரத் தொடங்கியது. ஒரு முழம். இன்னொரு முழம். யாரோ நிதானமாக இழுப்பது போல.

முழுக்க வந்ததும் நின்றது. காற்றில், ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அப்படியே பிடித்தபடி.