கடுக்கனும் குரங்குக் குல்லாவும்

பங்குனி வெயிலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவன், மூக்கண்டப்பள்ளியிலேயே மாதேஷ் ஒருவன்தான். கழுத்து வழியாக வியர்வை ஓடியது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்றான்.

குல்லாவுக்குள்ளே காதில் கடுக்கன் இருந்தது. அவர்கள் வீட்டில் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைக்குழந்தையிலேயே காது குத்திவிடுவார்கள். மாதேஷுக்கு மட்டும் தள்ளித் தள்ளிப் போய், நான்காம் வகுப்பு வந்துவிட்டது. பத்து நாளுக்கு முன்புதான் குலசாமி கோயிலில், மாமா மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள்.

வகுப்பில் நவீன்குமார் அதைப் பார்த்துவிட்டான். "தோடு போட்ட தங்கச்சி வந்தாச்சுடா!" என்று கத்தினான். அன்றிலிருந்து வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டது.

"அக்கா, திங்கக்கிழமை குரூப் போட்டோ. குல்லா போடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நான் கடுக்கனைக் கழட்டிடறேன்" என்றான் மாதேஷ்.

"புண்ணு இன்னும் ஆறலடா. இப்பக் கழட்டினா ஓட்டை மூடிக்கும். மறுபடி குத்தணும்."

மாதேஷுக்கு அந்த ஊசி ஞாபகம் வந்தது. "அப்போ நான் ஸ்கூலுக்கே போவல!" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்கா ஹரிணி ஆறாம் வகுப்பு. ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், விடமாட்டாள். வெள்ளிக்கிழமை இடைவேளையில் நேரே நவீன்குமாரிடம் போய் நின்றாள்.

"என் தம்பியை ஏன்டா கேலி பண்றே?"

"ஆம்பளைங்க எங்கயாவது நகை போடுவாங்களா? அதெல்லாம் பொம்பளைங்களுக்கு."

"போடறவங்களைக் காட்டினா?"

"பத்துப் பேரைக் காட்டு. கேலியை விட்டுடறேன்."

"நாளைக்கு மூணரை மணிக்குக் கம்பெனி பஸ் ஸ்டாப்புக்கு வா" என்றாள் ஹரிணி.

அவள் அம்மா சுஜாதா வேலை செய்வது ஒரு கம்பெனியில். மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் போடக் கூடாது. எல்லாரும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், அங்கேயே நின்று எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஹரிணி தினமும் பார்க்கிற கூத்து அது.

சனிக்கிழமை. ஹரிணி கையில் நோட்டு, மாதேஷ் தலையில் குல்லா, நவீன்குமார் முகத்தில் சிரிப்பு. பஸ் வந்தது.

முதலில் பெண்கள் இறங்கினார்கள். வளையல்கள் கலகலவென்று கைக்கு ஏறின. "எதுக்கும்மா இதெல்லாம் போடறீங்க?" என்று ஹரிணி கேட்டாள். "நல்லாருக்கு, போடறோம். இது ஒரு கேள்வியா?" என்றாள் அம்மா.

பிறகு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் ஒரே கையில் நான்கு மோதிரம் மாட்டினார்.

"அண்ணா, நீங்க நகை போடுவீங்களா?"

"நகையா? நானா? சேச்சே! இது ராசிக்கல்லு. ஜோசியர் சொன்னாரு."

இன்னொருவர் செம்புக் காப்பு மாட்டினார். "இது பிபிக்கும்மா" என்றார். ராமப்பன் என்பவர் தடியான சங்கிலியைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டார். ஹரிணி பேனாவைத் திறந்ததும், "பேடம்மா, பேடா! எழுதாத, இது சாமி செயின்" என்று கன்னடமும் தமிழுமாகப் பதறினார். கூலிங் கிளாஸ் மாட்டிய ஓர் அண்ணன், பஸ் கண்ணாடியில் முன்னும் பின்னும் பத்து தடவை பார்த்துவிட்டு, "தூசிக்குப் போடறேன்" என்றார். எந்தத் தூசிக்கு அத்தனை தடவை பார்க்க வேண்டுமோ!

"பாத்தியா? நகைன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. முட்டை!" என்றான் நவீன்குமார்.

ஹரிணிக்கு அழுகையே வந்துவிட்டது. மாதேஷின் கை குல்லாவுக்குள் போய்க் காதைத் தடவியது. "போலாம்க்கா" என்றான்.

"இரு. பஸ் இன்னும் காலியாவல."

கடைசியாக இறங்கினார் கமலக்கண்ணன். நவீன்குமாரின் அப்பா. கதவே அடைத்துக்கொள்ளும் உருவம், பெரிய மீசை. நிதானமாக ஒரு வெள்ளிக் காப்பு, இரண்டு மோதிரம், ஒரு சங்கிலி எல்லாவற்றையும் மாட்டினார். அப்பாவும் மற்றவர்களைப் போல ஏதாவது சாக்குச் சொல்வார் என்று நவீன்குமார் தைரியமாக நின்றான்.

"மாமா, இதெல்லாம் எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டாள் ஹரிணி.

"எதுக்கா? போட்டா நல்லாருக்கு கண்ணு. எனக்கு நகைன்னா உசுரு!" என்று சிரித்தார். "அது சரி, இவன் ஏன் இந்த வெயில்ல குல்லா போட்டிருக்கான்?"

மாதேஷ் மெதுவாகக் குல்லாவைக் கழற்றினான்.

"அட, கடுக்கன்! ஜோரா இருக்குடா. எங்க நவீனுக்கும்தான் குத்தியிருந்தோம். ரெண்டாவது படிக்கறப்ப பசங்க கேலி பண்றாங்கன்னு அழுது அழுது கழட்டிப்புட்டான்."

நவீன்குமாரின் முகம் செத்துப்போனது. மாதேஷ் சிரிக்க வாயைத் திறந்தான். ஹரிணி அவன் காலை ஒரு மிதி மிதித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"நவீன் எங்களுக்கு உதவி பண்ண வந்தான் மாமா. ஒரு கணக்கெடுப்பு" என்றாள்.

நவீன்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். திரும்பி நடக்கும்போது, "இதை யார்கிட்டயும் சொல்லமாட்டோம்டா" என்றாள் ஹரிணி.

அவன் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். "எத்தனை பேர் ஆச்சு?" என்றான்.

"ஒருத்தர்தான்."

"எங்கப்பா ஒருத்தரே பத்துப் பேருக்குச் சமம்" என்றான் நவீன்குமார்.

திங்கட்கிழமை மாதேஷ் குல்லா இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்தான். "தோடு போட்ட..." என்று ஆரம்பித்த ஒருவன், பின்னால் வந்த நவீன்குமாரைப் பார்த்து மீதியை விழுங்கினான். நவீனுடைய இரண்டு காதிலும் சின்னதாக ஈர்க்குச்சி!

"பாதி மூடிடுச்சு. ஓட்டை சரியாகற வரைக்கும் குச்சி. அப்புறம் கடுக்கன்" என்றான் மாதேஷிடம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

அடுத்த வாரம் போட்டோ வந்தது. ஹரிணி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பே கேமராவை நேராகப் பார்க்கிறது. நடுவில் இரண்டு பேர் மட்டும், காது நன்றாகத் தெரியட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.