பொன்முடியில் இல்லாத விட்டில்

வலைக்கம்பு அவன் கன்னத்தில் இடித்தபோது, முதலில் மன்னிப்புக் கேட்டவை அவள் கண்கள்தான்...

பொன்முடி மலையில் நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருவர் மட்டும்.

"பூச்சி பிடிக்கவா மேடம்?"

"ஆமா... விட்டில்."

ஸ்ரீலட்சுமி திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரஹாரத்துப் பெண். படிப்பு பூச்சி ஆராய்ச்சி. அவள் தேடுவது பகலில் பறக்கும் ஒரு மஞ்சள் விட்டில். ஒரு காலத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்மேடுகளில் சர்வசாதாரணம். புல்லின் மேல் வண்டிகள் ஏறின, கோடையில் தீ பிடித்தது, ஒவ்வோர் இடமாக அது காணாமல் போனது. மிச்சம் பொன்முடிதான். இந்த மழைக்காலத்திலும் கிடைக்காவிட்டால், 'மாவட்டத்தில் இனி இல்லை' என்று அவளே எழுத வேண்டும்.

பிரஜின் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், சுற்றுலா வழிகாட்டி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்.

"விட்டிலா? புல்லுல கால் வச்சாத் தெறிக்கும், கேட்டோ!"

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தவனுக்கு மூச்சு நின்றது! மழை விடும்வரை யார் காத்திருப்பார்கள்? நனைந்துகொண்டே ஓடினார்கள்.

புல்மேட்டில் அவன் பெருமையாகக் கையை நீட்டினான். தெறித்தன... பச்சைப் பசேலென்று வெட்டுக்கிளிகள்.

"இது வெட்டுக்கிளின்னோ! விட்டில், விளக்கைச் சுத்துமே, அந்த ஜாதி."

"மலையாளத்துல இதுதான் மேடம் விட்டில்."

"நாம தமிழ்லதானே பேசிண்டிருந்தோம்! பஸ்ஸும் போயிடுத்து..."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவனுக்கோ ரோஷம்.

"நான் தெரிஞ்சா ஏமாத்துனேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம்தான். "போட்டோ உண்டா? அனுப்புங்க. நானும் தேடுறேன்."

தேடினான். ஞாயிறுதோறும் அவளும் வந்தாள். பூச்சி கிடைக்கவில்லை. பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

மழைக்காலம் முடிந்தது. அன்று அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லா மேடும் பாத்தாச்சு... ஒண்ணுகூட இல்ல."

அவள் வலையைக் கீழே வைத்தாள்.

"நேத்து ஒண்ணு பாத்தேன்னு சொல்லிரலாம்னு தோணுச்சு. சொன்னா அடுத்த வருஷமும் நீங்க வருவீங்கல்லா? பின்ன... உங்க வேலையில பொய் சேர்க்க மனசு வரல."

ஸ்ரீலட்சுமி வெறும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. அந்தச் சின்னப் பூச்சிக்காகத்தான் முதலில்.

"இல்லேன்னே எழுதிடறேன்," என்றாள். "எனக்குப் போன மாசமே தெரியும், பிரஜின். அதுக்கப்புறம் நான் வந்ததெல்லாம்... உங்களைப் பாக்கத்தான்."